கத்திவிட்டேன், இனி இந்தக் குழந்தைகள் என்னை நம்புவார்களா?

கேள்வி: நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. பயிற்சி முடித்தபின் இதுதான் முதல் வேலை. வகுப்பில் 31 குழந்தைகள். பள்ளி திறந்து பத்து நாள் ஆகிறது. ஒரு பெண் குழந்தை தினமும் வாசலில் அம்மாவின் கையை விடாமல் அழுகிறாள். ஒரு பையன் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்காருவதில்லை. இன்னொரு சிறுமி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ‘புத்தகத்தை எடுங்கள்’ என்று சொன்னால் அதற்கே பத்து நிமிடம் போய்விடுகிறது. பக்கத்து வகுப்பில் எப்போதும் அமைதி. அவர்கள் மூன்றாவது பாடத்தில் இருக்கிறார்கள். நான் முதல் பாடத்தையே முடிக்கவில்லை. போன வியாழக்கிழமை பொறுமை இழந்து, ஓடிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து உரக்கக் கத்திவிட்டேன். அவன் சிரித்தான். ஆனால் முதல் வரிசையில் எந்தத் தவறும் செய்யாமல் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி பயந்துபோய் உடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. முதல் நாளே கண்டிப்பு காட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள் மூத்தவர்கள். எனக்குத் தொண்டையும் கட்டிவிட்டது. நான் இந்த வேலைக்குத் தகுதி இல்லாதவளா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

பல விஷயங்களை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனம் வியாழக்கிழமையிலேயே நின்றுபோயிருக்கிறது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். பாடம் ஒரு வாரம் பின்தங்கினால் ஒன்றும் கெட்டுவிடாது. முதல் வரிசைச் சிறுமியிடம் பேச வேண்டியதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நாளைக் காலையில், மற்றக் குழந்தைகள் சூழ்ந்து நிற்காத ஓர் இடத்தில், அவள் கண்ணுக்கு நேராக உங்கள் கண் வரும்படி தரையில் உட்கார்ந்து நான்கே வாக்கியம் சொல்லுங்கள். ‘அன்று நான் சத்தமாகக் கத்தினேன். உனக்குப் பயமாக இருந்திருக்கும். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. உடை நனைந்ததும் உன் தப்பு இல்லை.’ அதோடு நிறுத்திவிடுங்கள். ‘அந்தப் பையன் ஓடினான், அதனால்தான் கத்தினேன்’ என்று காரணம் சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். இனி யார் ஓடினாலும் டீச்சர் கத்துவார் என்றுதான் அவள் அதைப் புரிந்துகொள்வாள். நீங்கள் பேசும்போது அவள் ஒன்றும் சொல்லாமல் உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். மன்னித்துவிட்டேன் என்ற அடையாளத்தை அவளிடம் எதிர்பார்க்க வேண்டாம். அன்றைக்கு மூன்று முறையாவது வேறு ஏதாவது சிறு காரணத்துக்காக, இயல்பான குரலில், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் வாயிலிருந்து தன் பெயர் சாதாரணமாக வருவதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பயம் கரையும்.

அவள் பெற்றோரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். நடந்ததை நடந்தபடி, உங்கள் பங்கை மறைக்காமல். குழந்தை பாதி சொல்லி, பக்கத்து வீட்டுக் குழந்தை மீதி சொல்லி அது அவர்களை வந்தடைவதைவிட இது எவ்வளவோ மேல். பெற்றோர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

இன்னொன்றும் உண்டு. ஒன்றாம் வகுப்பின் முதல் மாதத்தில் உடை நனைவது பயத்தால் மட்டும் நடப்பதில்லை. கழிப்பறை எங்கே என்று தெரியாது. தெரிந்தாலும் அந்த இருட்டும் தாழ்ப்பாளும் அச்சம் தரும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கடைசி நொடி வரை அடக்கிக்கொள்வார்கள். அந்தச் சிறுமி உங்கள் குரல் உயர்வதற்கு முன்பே அரை மணி நேரமாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கலாம். வகுப்பு முழுவதையும் நாலைந்து பேராக அழைத்துப் போய், தாழ்ப்பாளைத் திறந்து மூடிக் காட்டி, தண்ணீர் ஊற்றிக் காட்டி, திரும்பி வரும் வழியையும் காட்டுங்கள். வாயால் கேட்க வெட்கப்படுகிறவர்களுக்காக ஒரு கை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடையாளத்துக்கு உங்கள் பதில் எப்போதும் ‘போ’ என்பதாகவே இருக்கட்டும், பாடத்தின் நடுவில் என்றாலும். அலமாரியில் இரண்டு மாற்று உடை இருக்கட்டும்.

இனி அந்தக் கத்தலைப் பற்றி. 1958இல் ஜேக்கப் கூனின், பால் கம்ப் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மழலையர் வகுப்பு தொடங்கிய முதல் சில நாள்களில், ஆசிரியை ஒரு குழந்தையைக் கண்டிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றக் குழந்தைகள் என்ன ஆகிறார்கள் என்று அவர்கள் கவனித்தார்கள். எதை நிறுத்த வேண்டும், அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஒழுங்குக்கு வந்தார்கள். கோபத்தோடும் கடுமையோடும் கண்டித்தபோது ஒழுங்கு கூடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் கலங்கினார்கள், கையில் இருந்த வேலையை விட்டார்கள். குளத்தில் கல் எறிந்தால் அலை விழுந்த இடத்தோடு நிற்காது என்பதால் இதற்கு அலை விளைவு என்றே பெயர் வைத்தார்கள். உங்கள் வகுப்பில் வியாழக்கிழமை நடந்தது அதுதான். கல் ஓடிய பையன் மேல் விழுந்தது, அலை முதல் வரிசையை அடித்தது.

அவன் சிரித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்த குழந்தைகளில் சிலர் அழுவார்கள், சிலர் உறைந்துபோவார்கள், சிலருக்கு முகத்தில் சிரிப்புத்தான் வரும். எனக்கு இதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

என் முதல் ஆண்டில் ஒரு பையன் புத்தகப் பையைக் கழற்றவே மாட்டான். பள்ளி திறந்த நாளிலிருந்து இரண்டு தோளிலும் மாட்டியபடியே உட்காருவான், எழுதுவான், சாப்பிடுவான். பை பெரியது, அவன் சிறியவன். பெஞ்சில் சாய்ந்து உட்கார முடியாமல் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பான். முதலில் கெஞ்சினேன், பிறகு அதட்டினேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மற்றக் குழந்தைகளும் அவனைப் பார்த்துப் பையை மாட்டிக்கொள்ளத் தொடங்கியதும், நானே போய் அவன் தோளிலிருந்து பையை இழுத்துக் கழற்றினேன். அவன் போட்ட அலறலுக்குத் தலைமை ஆசிரியரே ஓடி வந்தார். அன்று மாலை, வகுப்பறையைப் பெருக்க வந்த பெரியவர் ஒருவர் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். ‘எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று அவனுக்குத் தெரியாது. கூப்பிட்டதும் கிளம்பத் தயாராக இருக்கிறான், அவ்வளவுதான்’ என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தால்தான் நான் இத்தனை ஆண்டுகள் இந்த வேலையில் இருக்கிறேன். அவனுக்குப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவன் நாள் முழுவதும் பஸ் எப்போது வரும் என்று தெரியாத நிறுத்தத்தில் நிற்கிறவனைப் போல உட்கார்ந்திருக்கிறான். பெரியவர்களுக்கே அப்படி நிற்கும்போது எதிலும் மனம் போகாது. அவனிடம் நான் எழுத்தையும் எண்ணையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய நாளைப் படமாக வரைந்தேன். ஒரு வட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பது, ஒரு புத்தகம், ஒரு பந்து, ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு பென்சில், கதை கேட்கும் காது ஒன்று, கடைசியில் ஒரு புத்தகப் பையும் ஒரு வீடும். எனக்கு வரைய வராது. பந்து முட்டைபோல இருந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். மதியத்துக்குப் பிறகு அந்தப் பையன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். காது அழிந்ததும், டீச்சர் சொல்லாமலே எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றான். மூன்று நாள் அப்படி. நான்காம் நாள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அதற்கடுத்த வாரம் அது பெஞ்சுக்குக் கீழே போனது.

உங்கள் கடிதத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லாப் பிரச்சினைகளுக்கும் அடியில் அந்தப் பையன் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத 31 பேர் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ஒருத்தி அழுகிறாள், ஒருவன் ஓடுகிறான், ஒருத்தி வாயை மூடிக்கொண்டாள். முதல் சில வாரங்களில் உங்கள் வேலை அந்தத் தெரியாமையைக் குறைப்பது. பாடப் புத்தகத்துக்கும் முந்திய பாடம் அது.

வாசலில் அழுகிற குழந்தைக்கு வருகிறேன். பிரியும்போது அழுவது நோய் அல்ல, வளர்ப்பில் குறையும் அல்ல. மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளையும் அவர்கள் தாய்மாரையும் வைத்துச் செய்த புகழ்பெற்ற ஆய்வில், தாய் வெளியே போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; தாய் திரும்பி வந்ததும் குழந்தை எப்படி ஆறுதல் அடைகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார். உங்கள் மாணவிக்கு வயது அதிகம் என்றாலும், மாலையில் அம்மாவைப் பார்த்ததும் அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாள் நின்று கவனியுங்கள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, உடனே அன்றைய கதையைச் சொல்ல ஆரம்பித்தால், காலை அழுகையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் பிரியும் விதத்தை மாற்ற வேண்டும். அவள் அழுவதால் அம்மா நிற்கிறார். அம்மா நிற்பதால், இன்னும் கொஞ்சம் அழுதால் போகவே மாட்டார் என்று அவள் நம்புகிறாள். இதில் இரண்டு பேர் மேலும் குற்றமில்லை. பள்ளி விட்டதும் அம்மாவோடு ஐந்து நிமிடம் பேசி ஒரு வழியைத் தீர்மானியுங்கள்: ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, எப்போதும் அதே ஒரு வாக்கியம், பிறகு திரும்பிப் பார்க்காமல் நடை. ‘மூன்று மணிக்கு வருவேன்’ என்பது கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தைக்கு வெறும் ஓசை. ‘கதை முடிந்ததும் வருவேன்’ என்றால் உங்கள் கரும்பலகைப் படத்தில் அவளால் அதைத் தேடிப்பிடிக்க முடியும். ஒன்றை மட்டும் அம்மா செய்யவே கூடாது: குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிப் போவது. அன்று அழுகை குறையும். மறுநாளிலிருந்து அவள் அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டாள், எடுத்தால் காணாமல் போய்விடுவார் என்று தெரிந்துகொண்டாள் அல்லவா.

உள்ளே வந்ததும் அவள் கைக்கு ஒரு வேலை வேண்டும். சாக்பீஸ் பெட்டியை மேசையில் வைப்பது, நாளின் படங்களை எண்ணிச் சொல்வது, எதுவானாலும் சரி, தினமும் அதே வேலை. அழாதே என்று சொல்ல வேண்டாம். ‘அம்மாவைத் தேடுகிறது, இல்லையா? பெட்டியை எடுத்துக்கொண்டு வா’ என்று சொல்லுங்கள். அழுதுகொண்டே செய்வாள், செய்யட்டும். அழுகை எத்தனை நிமிடம் என்று ஒரு சிறு நோட்டில் தினமும் குறித்துவாருங்கள். மனத்தில் வைத்துக்கொண்டால் எல்லா நாளும் அரை மணி நேரம் போலவே தோன்றும்; எழுதினால் 28, 25, 26, 17 என்று இறங்குவது தெரியும். திங்கட்கிழமைகளில் ஏறும், அதைக் கண்டு தளர வேண்டாம். மாதம் ஒன்றைத் தாண்டியும் இறங்கவில்லை என்றால், அல்லது காலையில் வயிற்றுவலி, வாந்தி, தூக்கமின்மை என்று உடம்பில் தெரிந்தால், அப்போது பெற்றோரோடு உட்கார்ந்து மருத்துவரின் உதவியைப் பற்றிப் பேசுங்கள்.

‘புத்தகத்தை எடுங்கள்’ என்றால் பத்து நிமிடம் ஆகிறது என்று எழுதிய வரியைத்தான் நான் மிக ஆர்வத்தோடு படித்தேன். நீங்கள் அங்கே தோற்றுவிட்டதாக நினைக்கிறீர்கள். அந்த ஒரு கட்டளைக்குள் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். பையை இழுக்க வேண்டும். ஜிப்பைத் திறக்க வேண்டும். பாதி ஜிப் சிக்கும். நான்கைந்து புத்தகத்தில் எது என்று அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், படிக்கத் தெரியாமலே. மற்றவற்றை உள்ளே திருப்பி வைக்க வேண்டும். பிறகு பன்னிரண்டாம் பக்கம் என்கிறீர்கள். பத்துக்கு மேல் எண்ணை அடையாளம் தெரியாத குழந்தைகள் வகுப்பில் பாதிப் பேர் இருப்பார்கள். இதற்கு நடுவில் பென்சில் உருண்டு கீழே போயிருக்கும். ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தையின் நினைவில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் நிற்கும், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் சொல்வதெல்லாம் காற்றில் போகும்.

ஆகவே புத்தகம் எடுப்பதையே ஒரு பாடமாக நடத்துங்கள். பேசாமல் நீங்கள் ஒரு முறை செய்து காட்டுங்கள். குழந்தைகள் அசையாமல் பார்ப்பார்கள், உங்கள் மௌனம் அவர்களுக்கு அதிசயம். ‘நான் முதலில் என்ன செய்தேன்?’ என்று கேளுங்கள். பிறகு ஒரு குழந்தை செய்து காட்டட்டும், பிறகு ஒரு வரிசை, பிறகு எல்லோரும். எடுத்ததும் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். மறுபடியும் எடுங்கள். ஒரே நாளில் நான்கைந்து முறை, விளையாட்டுப்போல. பக்க எண்ணைச் சொல்வதற்குப் பதில் முதல் மாதம் முழுவதும் அந்தப் பக்கத்தில் இருக்கும் படத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் புத்தகங்கள் பையிலேயே இருக்க வேண்டாம். வரிசைக்கு ஒரு கூடையில் அடுக்கிவைத்து, வரிசைக்கு ஒருவர் எடுத்துக் கொடுக்கட்டும். வரிசையில் நிற்பது, கை கழுவுவது, பென்சில் சீவுவது, உதவி கேட்பது, வேலை முடிந்தபின் சும்மா இருக்கும் நேரத்தில் என்ன செய்வது, இவை ஒவ்வொன்றுக்கும் இதே முறைதான். ஒரு நாளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு ஐந்து முறை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறீர்கள் என்றால், பத்து நிமிட வீதம் 50 நிமிடம் போகிறது. பழக்கிவிட்டால் மூன்று நிமிட வீதம் 15 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு 35 நிமிடம் மிச்சம். 200 வேலை நாள்கள் என்று வைத்தால் 7,000 நிமிடம், அதாவது 116 மணி நேரத்துக்கும் அதிகம். இந்த இரண்டு வாரத்தை நீங்கள் அங்கே போட்டால் அவ்வளவும் உங்கள் கைக்கு வரும். பக்கத்து வகுப்பு மூன்றாம் பாடத்தில் இருக்கட்டும். யார் எத்தனையாவது பாடத்தில் என்பதை நான்காம் மாதத்தில் பார்ப்போம்.

அந்த அமைதியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து வகுப்புக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை, ஆகையால் அந்த ஆசிரியையைக் குறைசொல்ல மாட்டேன். வேலையில் ஆழ்ந்த குழந்தைகளின் அமைதி ஒன்று உண்டு. அதில் பென்சில் உரசும், முணுமுணுப்பு இருக்கும், யாராவது தனக்குத்தானே பாடுவார்கள். பயத்தின் அமைதி இன்னொன்று. அதில் மூச்சுகூடக் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டாவது அமைதியை நான் என் வகுப்பில் விரும்ப மாட்டேன், அதற்கு எவ்வளவு பாராட்டுக் கிடைத்தாலும்.

கண்டிப்பு வேண்டும் என்று மூத்தவர்கள் சொன்னதில் எனக்கு முழு மறுப்பு இல்லை. நேற்று ஓடக் கூடாது என்றால் இன்றும் ஓடக் கூடாது, நீங்கள் களைத்திருந்தாலும், மகிழ்ச்சியாக இருந்தாலும். சொன்னதையே தினமும் அதே குரலில் சொல்வதுதான் இந்த வயதுக்கான கண்டிப்பு. அது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வதைவிடக் கடினமான வேலை. கூனின் 1970இல் வெளியிட்ட ஆய்விலும், தவறு நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் கண்டார். தவறு முளைவிடும்போதே ஆசிரியர் கவனிக்கிறாரா, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடுமாறாமல் கொண்டுபோகிறாரா என்பதில்தான் வித்தியாசம் இருந்தது.

ஓடுகிற பையன் விஷயத்தில் முதலில் மூன்று நாள் எழுத்து வேலை செய்யுங்கள். அவன் எப்போது எழுந்து ஓடுகிறான் என்று நேரத்தைக் குறியுங்கள். எழுதுவது தொடங்கியதும் ஓடுகிறானா? சாப்பாட்டுக்கு முன்னாலா? வேலை முடிந்து சும்மா இருக்கும்போதா? காரணம் பெரும்பாலும் அந்தக் குறிப்பில் அகப்படும். எழுதும்போது என்றால் அவன் கையைப் பாருங்கள். மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பல ஆண்டுகளில் இறுகும், ஆறு வயதில் எல்லாம் இறுகி முடிந்திருக்காது. இந்தக் கையால் ஒரு பக்கம் முழுக்க எழுது என்றால் வலிக்கலாம், வலித்தால் ஓடுவான். அவன் பிறந்த தேதியையும் பாருங்கள். ஒரே வகுப்பில் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் ஏறக்குறைய ஓர் ஆண்டு இடைவெளி இருக்கும். நமக்கு ஓர் ஆண்டு ஒன்றுமில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது அதன் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு.

வகுப்புக்கே ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் எழுந்து நிற்க, கை தட்ட, பாடிக்கொண்டே குதிக்க ஒரு வாய்ப்பு வேண்டும், அவனுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. நோட்டுகளைச் சேகரிப்பது, பலகை துடைப்பது, பக்கத்து வகுப்புக்குச் செய்தி கொண்டுபோவது எல்லாம் அவனுக்கே கொடுங்கள். ஓடும்போது ‘ஓடாதே’ என்று தூரத்திலிருந்து கூவ வேண்டாம். அருகில் போய், தோளின் உயரத்துக்குக் குனிந்து, ‘நடந்து போய் உன் இடத்தில் உட்கார்’ என்று சொல்லுங்கள். எதைச் செய்யக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். அதற்குப் பதில் எதைச் செய்வது என்பதுதான் அந்த நொடியில் தோன்றாது. நடந்து போனால் உடனே, ‘நடந்து போனாயே’ என்று சொல்லிவிடுங்கள். நல்ல பையன் என்ற பட்டம் வேண்டாம், செய்ததைச் சொன்னால் போதும்.

பேசாத சிறுமியைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அமைதியான குழந்தைக்கு எப்போதும் அந்த ஒரு வரிதான் கிடைக்கிறது, ஆகையால் இவளை நான் கேட்டுக்கேட்டு விசாரிப்பேன். வீட்டில் பேசுகிறாளா? பள்ளியில் பேசும் மொழிதான் வீட்டிலும் பேசுகிறார்களா? பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்புகிறாளா? வீட்டிலும் பேச்சு குறைவு, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றால் காது கேட்கும் திறனைத் தாமதிக்காமல் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் பேசாத குழந்தைகள் உண்டு. தெரிவுசார் பேச்சின்மை என்று இதற்குப் பெயர். ஆனால் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கே குறைந்தது ஒரு மாதம் அந்த நிலை இருக்க வேண்டும் என்றும், பள்ளியின் முதல் மாதத்தைத் தனியாக அதற்குக் கணக்கில் கொள்ளக் கூடாது என்றும் வரையறுத்திருக்கிறார்கள். பத்தாம் நாளில் நீங்கள் கவலைப்பட வேண்டாம், கவனித்தால் போதும்.

அதுவரை அவளைப் பேசவைக்கும் முயற்சி எதுவும் வேண்டாம். ‘சொல்லு, சொன்னால்தான் தருவேன்’ என்ற பேரம் கூடவே கூடாது. தலையசைத்து, விரலால் காட்டி, படம் வரைந்து பதில் சொல்லட்டும். அதைப் பதில் என்றே ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் சேர்ந்து பாடும்போது அவள் உதடு அசைகிறதா என்று பாருங்கள், ஆனால் பார்ப்பது தெரியாமல். முதல் முறை அவள் பேசும் நாளில் வகுப்பைக் கைதட்டச் சொல்லிவிடாதீர்கள். பத்தோடு பதினொன்றாக அதை எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

அவளுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்று: கேள்வி கேட்டபின் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று நொடியாக்கியபோது குழந்தைகளின் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி நின்று பாருங்கள். முதல் முறை மூன்று நிமிடம்போல இருக்கும்.

தொண்டைக்கு: சத்தத்தின் மேல் சத்தமாகப் பேசுவதை இன்றே நிறுத்துங்கள். ஒரு சிறு மணியோ, தூக்கிய கையோ, ஒரு தாளத்தில் கைதட்டலோ அடையாளமாக இருக்கட்டும். அதையும் புத்தகம் எடுப்பதைப் பழக்கியதுபோலவே பழக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருக்கட்டும். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள், விடுமுறை வரட்டும் என்று ஆசிரியர்கள் தள்ளிப்போடுவது எனக்குத் தெரியும்.

தகுதி இல்லாதவளா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. தவறு செய்யாத ஒரு குழந்தையின் முகம் பத்து நாள் வேலையில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. 31 பேர் இருக்கும் அறையில், ஓடியவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த நேரத்திலும் முதல் வரிசையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். என் முதல் ஆண்டில் நான் அதைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

நாளைக் காலை அந்தச் சிறுமியோடு பேசிவிடுங்கள். பிறகு கரும்பலகையில் அன்றைய நாளைப் படமாக வரையுங்கள், கடைசியில் வீடு கட்டாயம் இருக்க வேண்டும். அதை அழிக்கும் வேலையை முதல் நாள் யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே தீர்மானியுங்கள். நானாக இருந்தால் வாசலில் அழுகிறவளுக்குக் கொடுப்பேன். ஒரு மாதம் கழித்து அந்தச் சிறு நோட்டில் குறித்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.